கை நனைக்க இயலாதவன்

இந்நிகழ்ச்சியை எங்கள் உறவினர் சொல்லும்போது, நான் மதிலேறிக் குதித்து ஓடியதாக வரும். அவ்வீட்டில் மதிலே இல்லை, முள்வேலிதான். (வேலியையும் நான் தாண்டவில்லை.) ஆகவே, நானே கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

எண்பதுகளில், கமுதியிலிருந்து மாமாவுடன் திருப்பாலைக்குடிப் பக்கம் பெண் பார்க்கச் சென்றேன். என் குடல் அப்போது எனக்குப் பகைவன். மனம் பதறினால் வயிறு முறுக்கும். பால் பட்டால் கொல்லைக்கு விரட்டும். அன்று பதற்றமும் இருந்தது. பாலூற்றிய தேநீரும் தந்தார்கள்.

பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. தலைகுனியுமாறு அவளுடைய அத்தை கிள்ளியும், அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். பெரியவர்கள் பேசி முடித்து இலை போட்டார்கள். பெண் வீட்டில் உண்பதை எங்கள் பக்கத்தில் ‘கை நனைத்தல்’ என்போம், சம்மதமிருந்தால்தான் நனைப்பார்கள். நானோ அதற்குள் இருமுறை கொல்லைக்குச் சென்று மீண்டிருந்தேன். ஒரு கவளம் உள்ளே போனாலும் அடுத்த பயணம் உறுதி.

“உக்காருங்க மாப்பிள்ளை, கை நனைங்க” என்றார் பெண்ணைப் பெற்ற அய்யா.

கதவின் பின்னால் அவள் நின்றாள். அவள் காதுபடக் காரணம் சொல்ல வேண்டும். பேதி என்பதா? கழிச்சல் என்பதா? இலக்கணம் முறையாகக் கற்ற நான் தகுதியான சொல்லைத் தேடிக்கொண்டிருக்கையில், வாய் முந்திக்கொண்டது.

“மன்னிக்கணும். என்னால இங்கன கை நனைக்க ஏலாது.”

கதவு சாத்தும் ஓசை கேட்டது.

“சரி, போயிட்டு வாங்க” என்றார் அவள் அய்யா.

பேருந்தில் உண்மையைச் சொன்னேன். மாமா தலையில் அடித்துக்கொண்டார். “ஏலே, வயித்தால போகுதுன்னு சொல்ல என்னலே இலக்கணம் வேண்டிக்கெடக்கு?”

மறுநாளே விளக்கச் சென்றார். “சபையில வேண்டாம்னுட்டுப் போனது போனதுதான்” என்று வாசலிலேயே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பல்லாண்டு கழித்து மதுரை மருத்துவர் ஒருவர் சோதித்துவிட்டு, குடலில் புண்ணில்லை, எளிதில் எரிச்சலுறும் குடல் என்றார். “முழுசாப் போகாது, அடக்கி வச்சுக்கலாம். உங்களுக்குப் பால் ஒத்துக்கல, விட்டுருங்க. நேரத்துக்குக் கொஞ்சமாச் சாப்பிடுங்க. பதறாதீங்க. உலகம் பூராவும் இருக்கு சார். சீமைக்காரனும் இப்படித்தான் கக்கூஸத் தேடுறான்.”

அவ்வாறே நடந்து நலமாக இருக்கிறேன். சீமைக்காரனுக்குக் கை நனைக்கும் வழக்கமில்லை என்பதுதான் என் பொறாமை.

இன்றும் பந்தியில் நான் சற்றுத் தயங்கினால், “ஏன் மாமா, பசிக்கலையா, சம்பந்தம் பிடிக்கலையா?” என்பாள் தங்கை மகள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

மாமா சொல்லப்போன காரணம் வீட்டுக்குள் இருந்தவளை எட்டியதா, தன்னைப் பிடிக்காமல்தான் ஒருவன் எழுந்து போனான் என்றே அவள் எண்ணிக்கொண்டாளா என்பது எனக்குத் தெரியாது.