முதுகில் ஒரு சிவப்பு அம்பு

இந்தப் பூமியில் குறையில்லாத பொருள் ஒன்றுகூடக் கிடையாது என்று நிரூபிப்பதற்காகவே பிறந்தவர் ஸ்டிக்கர் அக்கா.

பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் செக்கிங். துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டிச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். கம்பெனியோடு விட்டிருந்தால் எனக்கென்ன? அவரும் நாங்களும் வரிசையாகக் குடியிருந்த லைன் வீட்டுக்கும் அதைக் கொண்டுவந்தார். கதவில் அம்பு. வாடகை வாங்க வந்தவரின் மொபெட்டில் அம்பு. கணவரின் சட்டைக் காலரில் அம்பு, அவர் அதைப் போட்டிருக்கும்போதே.

அப்போது நான் கோயம்புத்தூரில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் பட்டப்படிப்பில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "ஏனுங்க, எச்சத் தட்டு எடுக்கறதுக்கு மூணு வருசப் படிப்புங்களா?"

பல்லைக் கடித்துக்கொள்வேன். அக்கா கேலி செய்யவில்லை. அதைவிட மோசம், சோதித்தார். வேஸ்ட் துணியில் நான் மடித்துப் பழகிய, ஹோட்டல் மேஜையில் வைக்கும் நாப்கின் அன்னத்தின் கழுத்தில் அம்பு விழுந்தது.

"இது அன்னமில்ல கண்ணு. கழுத்து சுளுக்குன வாத்து."

அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "ஒரு பேப்பர் போச்சுன்னாலும் அம்மா கூட கைமடிக்குப் போயிரணும், கேட்டியா?" கைமடி என்றால் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்று துணி எடுத்துக் கொடுப்பது.

பரிமாறும் செய்முறைத் தேர்வு வந்தது. வெள்ளைக் கோட்டு போட்டுக் கிளம்பினேன். வாசலில் அக்கா முதுகைத் தட்டி, "போய்ட்டு வா கண்ணு" என்றார். முதல்முறையாக அன்பாக இருக்கிறாரே என்று நெகிழ்ந்து தொலைத்தேன்.

பஸ்ஸில் பாதிப் பேர் பனியன் கம்பெனி ஆட்கள். அந்த அம்புக்கு அர்த்தம் தெரிந்தவர்கள். சிரித்தார்களே தவிர ஒருவரும் சொல்லவில்லை. தேர்வாளர்தான் என் முதுகிலிருந்து அதை உரித்து எடுத்தார். "இது என்னம்மா, யாருக்கு வழி காட்டுறே?" வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் சூப்பை மேஜைவிரிப்பில் கொட்டினேன். ஃபெயில்.

அன்று மாலை லைன் வீடே கேட்கும்படி கத்தினேன். "ஒட்டத் தெரியுதுல்லா, வாயால சொல்லத் தெரியாதாக்கா?"

"கீழ்மடிப்புல ரெண்டு விரக்கட நீளத்துக்குத் தையல் விட்டிருந்துச்சு கண்ணு. செக்கிங்ல நாங்க ஒட்டத்தான் செய்வோம். அடுத்த டேபிள்ல பாத்துத் தெச்சுக் குடுப்பாங்க." கொஞ்சம் யோசித்தார். "அத்தாப் பெரிய காலேஜு. உனக்கு ஒருத்தருமே பாக்கலியா?"

"எனக்கு அடுத்த டேபிள் எல்லாம் கிடையாதுக்கா. அங்க நான் மட்டும்தான்."

அக்கா கையிலிருந்த ஸ்டிக்கர் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்காக என் கோபம் குறைந்துவிடவில்லை. அப்பா இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு தந்தார். மறுதேர்வு வரை நான் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுதேர்வன்று கல்லூரி கேட்டில் அக்கா, எனக்கு முந்தின பஸ்ஸில் வந்து இறங்கி நின்றிருந்தார். ஒரு கையில் ஊசிநூல், மறு கையில் கத்தரி. கம்பெனிக்கு லீவு.

"திரும்பு."

முறைத்துக்கொண்டே திரும்பினேன். தோள், கை, கீழ்மடிப்பு என்று ஒவ்வொரு தையலாகத் தடவினார். ஒன்றும் அகப்படவில்லை. முகம் வாடிப்போனது.

"செரி. போ."

பாஸ் ஆனேன்.

இப்போது ஒரு ஹோட்டலில் வேலை. தினமும் கோட்டு போட்டதும் முதுகுப் பக்கம் தடவிப் பார்க்கிறேன். எதுவும் இருப்பதில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது.