சம்பர்க்கம் யாரோடும் இல்லை

சிரஞ்சீவி மச்சினன் ஜெயகுமாருக்கு, அத்தான் அழகியநம்பி திருவனந்தபுரம் கரமனை வீட்டில் அடைபட்ட அறையிலிருந்து ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது. எழுதினால் அதையும் நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி வைத்துச் சரிபார்ப்பார்கள் என்பதால் விட்டுவிட்டேன். நாகர்கோவிலில் உனக்கு இருமல் இருந்தால் பதில் எழுதாதே.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனை நம்ப முடியாது மாப்ளே. வார்டு சுகாதார ஆபீசிலிருந்து ஷிபா என்று ஒருத்தி காலையும் மாலையும் கூப்பிட்டு, வீட்டில்தான் இருக்கிறேனா என்று கேட்கிறாள். கதவில் என் பேர் போட்டு ஒரு நோட்டீசு ஒட்டியாயிற்று. எதிர்வீட்டு ஜெயன் வாலண்டியராம். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என் வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறான். ஜன்னலைத் திறந்தால், "என்னா அண்ணாச்சி, காத்து வாங்குதா?" என்று கேட்கிறான். காற்று வாங்கவும் இப்போது பாஸ் வேண்டும் போலிருக்கிறது.

அஞ்சாம் தேதி எனக்குக் கொரோனா என்று சொன்னார்கள். நான் நம்பவில்லை. ஆனால் உன் அக்கா சிவகாமி வைத்த தீயல் குழம்பில் உப்பு தெரியவில்லை. முப்பது வருஷமாக நான் அதைக் கேலிக்குச் சொல்லி வந்தேனா, இப்போது நிஜமாகச் சொன்னால் அவள் நம்பமாட்டேன் என்கிறாள். அடுத்த நாள் நான் போன இடமெல்லாம் ரூட் மேப் போட்டு வாட்ஸப்பில் விட்டுவிட்டார்கள். பத்து மணிக்கு சாலை பஜாரில் என் கடை, பதினொன்றுக்கு டீ குடிக்கச் சாயக்கடை, வாழைப்பழ பஜ்ஜி மாதிரி ரெண்டு பழம்பொரி. பேர் போடவில்லை, பேர் எதற்கு? சர்க்கரைக்காரன் பழம்பொரி தின்னது உன் அக்காவுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதானே. நாட்டு நன்மைக்குப் பதினாலு நாள் கட்டிலில் கிடக்கலாம், தப்பில்லை. ஆனால் நான் என்ன தின்றேன், யாரோடு வெற்றிலை போட்டேன் என்றெல்லாம் சர்க்காருக்கு எதற்கு? இன்றைக்குக் காய்ச்சலுக்குக் கேட்பான், நாளைக்குப் பழகிவிடும். நாமும் சொல்லிப் பழகிவிடுவோம்.

இப்போது முக்கியமான விஷயம். முதல் நாள் ஷிபா போனில் கேட்டாள்: "சேட்டா, ரெண்டாழ்ச்சைக்குள்ள ஆரோடொக்கெ சம்பர்க்கம் உண்டாயிருந்து?" நான் படித்தது மூணாம் கிளாஸ். சாலை பஜாரில் பேசுகிற மலையாளத்தில் அந்த வார்த்தை கிடையாது. என் காதில் 'சம்பந்தம்' என்று விழுந்தது! இங்கே அதற்குப் பெண் தொடுப்பு என்று அர்த்தம். ஐம்பத்துநாலு வயசில் என்னைப் பார்த்து யார் யாரோடு சம்பந்தம் என்று கேட்கிறாளே! "அம்மாணை, ஒருத்தியோடும் இல்ல! எனக்க வீட்டுக்காரியோட மட்டுந்தான்!" என்று கத்தினேன். அவளும் அப்படியே எழுதிக்கொண்டாள். அடுக்களையிலிருந்து உன் அக்கா வந்து, "கேட்டது ஒண்ணு, எதுக்கு இவ்வளவு சத்தியம்? எவளாக்கும் அவ?" என்றாள். அன்றிலிருந்து சோறு கதவுக்கு வெளியே வருகிறது. நோய்க்காகவா கோபத்துக்காகவா என்று தெரியவில்லை.

நெருங்கிப் பழகியவர்கள் யார் என்பதுதான் கேள்வி என்று மறுநாள் ஜெயன் சொல்லித்தான் தெரிந்தது. அப்போது உன் ஞாபகம் வந்தது. ரெண்டாம் தேதி நீ களியக்காவிளை எல்லைச் செக்போஸ்டைச் சுற்றி, பாஸ் இல்லாமல் ஊடுவழியில் பைக்கில் வந்து, கல்யாணச் சாமானுக்காக என் கடைக் குடோனில் மூணு மணி நேரம் இருந்தாயே. முகக்கவசம் ரெண்டு பேருக்கும் தாடையில். வெற்றிலை ஒரே தட்டில். உன் பேரைச் சொன்னால் உன்னையும் அடைப்பார்கள். பதினெட்டாம் தேதி உன் மகள் ஸ்வப்னா கல்யாணத்தில் தாரை வார்க்கத் தகப்பன் இருக்கமாட்டான். ஆகவே நான் வாயே திறக்கவில்லை. உன் அக்காவிடமும் சொல்லவில்லை; ஊருக்கு வந்தும் அவளைப் பார்க்காமல் போனாய் என்று தெரிந்தால் கொரோனாவே தேவலை. நீயும் மூச்சு விடாதே. யாராவது கேட்டால் அத்தானைப் பார்த்தே ஒரு வருஷம் என்று சொல். கல்யாணத்துக்கு முதல் ஆளாக நான் வந்து நிற்பேன்.

ஸ்வப்னா பதினாறும் பெற்று, அதில் ஒன்றுக்கும் மூக்கில் குச்சி விடப்படாமல் வாழட்டும்.

இப்படிக்கு,
உன் ரகசியம் காக்கும் அத்தான்,
அழகியநம்பி

பி.கு: நோயாளி வீட்டுக் கடிதத்தை அப்படியே தபாலில் போடக்கூடாதாம். ஷிபா வாங்கி, மருந்து தெளித்து, ஒவ்வொரு தாளாக மதில்மேல் காயவைத்தாள். ஜெயன் பறக்காமல் கல் வைத்தான். அவள் மார்த்தாண்டத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவளாம். எனக்கு இப்போதுதான் தெரியும். கவரில் இருந்த உன் விலாசத்தையும் அழகாக எழுதிக்கொண்டாள். இந்தக் கடிதத்துக்கு முந்தி உன் வாசலுக்கு ஆள் வந்திருக்கும். பயப்படாதே. ரெண்டாம் தேதி பார்த்தவனுக்குப் பதினாறோடு கழிந்துவிடும், பரிசோதனையில் ஒன்றும் இல்லையென்றால் கல்யாணத்துக்குத் தடையில்லை என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். நான் எண்ணிப் பார்க்காமலே ஒளித்திருக்கிறேன். எனக்குத்தான் பத்தொன்பது வரை, உன் அக்காவுக்கும்; கல்யாணம் எங்களுக்கில்லை. மதில்மேல் கிடந்த கடைசித் தாளை உன் அக்காவும் படித்துவிட்டாள். உன்னைச் சர்க்கார் பதினாறாம் தேதி விட்டுவிடும். உன் அக்கா என்றைக்கு விடுவாள் என்று ஷிபாவுக்கே தெரியாதாம்.