முக்காலில் அரை போக முழுத்தொட்டி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு, பெண்ணைக் கொடுத்தவன் தலைகுனிந்து எழுதிக்கொள்வது.

இங்கு நானும் என் மனைவியும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் கண் எரிச்சல் தணிந்திருக்கும் என்றும் நம்புகிறேன். இதை நேரில் வந்து சொல்வதுதான் முறை. வருவதற்கு முகம் இல்லாததால் எழுதுகிறேன்.

போன வாரம் தங்கள் பணி ஓய்வுப் பாராட்டு விழாவுக்கு நாங்கள் வந்திருந்த அன்று, தெருக்குழாய் பழுதாகி நாள் முழுக்கத் தண்ணீர் வராது என்று அறிவித்திருந்தார்கள். காலையிலேயே மாப்பிள்ளை மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்து, தொட்டியில் முக்கால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு விழா வேலைக்குப் போய்விட்டார். "தண்ணிப் பொறுப்பை என்கிட்ட விடுங்க" என்று வாயைக் கொடுத்தவன் நான்தான். ஆபீஸில் எனக்குக் கணக்குப்புலி என்று பெயர் என்பதைத் தங்களிடம் கல்யாணம் பேச வந்த நாளிலிருந்து சொல்லி வருகிறேன் அல்லவா? அப்படி என்னைக் கூப்பிட்டது நான் ஒருவன் மட்டும்தான்.

துணி துவைச்சதுல கால் தொட்டி போச்சு. உங்களைத் தவிர எல்லாரும் குளிச்சதுல இன்னொரு கால். மாடி ஏற முட்டி இடம் கொடுக்கலை, சரி, காகிதத்துலேயே பார்த்துடலாம்னு உட்கார்ந்தேன். நாலில் ஒண்ணையும் நாலில் ஒண்ணையும் கூட்டணும். கீழே ரெண்டு பக்கமும் நாலு, அதைத் தொடக் கூடாது. மேலே ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. ஆக, நாலில் ரெண்டு. இதுவரைக்கும் சத்தியமா சரி சம்பந்தி. அப்படியே விட்டுத் தொலைச்சிருந்தா இந்தக் கடிதமே கிடையாது. சுருக்கினா அழகா இருக்குமேன்னு ரெண்டில் ஒண்ணுன்னு மாத்தினேன். அதை நாலில் மூணிலிருந்து கழிக்கணும். கீழே இருக்கிறது வேற வேறயா இருந்தா முதல்ல ஒண்ணாக்கணும்னு எப்பவோ படிச்ச ஞாபகம் லேசா வந்தது, போடான்னுட்டேன். மேலே மூணுல ஒண்ணு போனா ரெண்டு, கீழே நாலுல ரெண்டு போனா ரெண்டு, மேலேயும் ரெண்டு கீழேயும் ரெண்டு, அப்படின்னா முழுசா ஒண்ணு! முக்கால் தொட்டியில அரைத் தொட்டியைச் செலவு பண்ணி முழுத்தொட்டி மிச்சம்! மனுஷனுக்கு அங்கேயே சந்தேகம் வரணுமா இல்லையா? எனக்குப் பெருமை வந்தது. நல்ல சிக்கனமான குடும்பத்துலதான் பொண்ணைக் கொடுத்திருக்கோம்னு நினைச்சேன்.

"அப்பா, முக்கால்ல அரை போனா கால்தானே?"ன்னு பொண்ணு மெதுவாக் கேட்டா. "நீ சும்மா இரும்மா, அது வாய்க்கணக்கு, எழுதிப் பார்த்தாத்தான் உண்மை தெரியும்"னு சம்பந்தியம்மா எதிர்லயே அவளை அடக்கிட்டேன். அந்த நேரம் பார்த்துத் தண்ணி லாரி வந்து நின்னது. "எங்க வீட்டுல நிறைஞ்சு கிடக்கு, இல்லாதவங்களுக்குக் கொடுப்பா"ன்னு திருப்பி அனுப்பினேன். அதோட நின்னேனா? தொட்டி வழியப் போகுதேன்னு உங்க காரைக் கழுவினேன், வாசலைக் கழுவினேன், பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளையும் விட்டு வைக்கலை. நீங்க தலையில ஷாம்பும் முகத்துல சோப்புமா குழாயைத் திருகினப்போ வந்தது வெறும் காத்துதான்.

குடிக்க வச்சிருந்த தண்ணியில கண்ணை மட்டும் கழுவிக்கிட்டு விழாவுக்குப் போனீங்க. உங்க மேலதிகாரி உங்களைப் புகழ்ந்தப்போ நீங்க கண்ணுல தாரை தாரையா வழிய நின்னதைப் பார்த்துக் கூட்டமே உருகிப் போச்சு. அது சோப்புன்னு தெரிஞ்ச நான் பின்வரிசையில குனிஞ்சு உட்கார்ந்திருந்தேன்.

அதுகூடப் பரவாயில்லை. துண்டைக் கட்டிக்கிட்டு வெளியே வந்து "லாரியை யாரு திருப்பி அனுப்பினது?"ன்னு கேட்டீங்களே, "நான்தான் மாமா, தெரியாம அனுப்பிட்டேன்"னு என் பொண்ணு முந்திக்கிட்டா. கல்யாணமாகி மூணு மாசம்கூட ஆகலை. நான் என்ன பண்ணினேன்? காரைத் துடைக்கப் போறவன் மாதிரி துணியை எடுத்துக்கிட்டு நைஸா வெளியே போயிட்டேன். அன்னிலேர்ந்து சோறு இறங்கலை. வெட்கமா இருக்கு சம்பந்தி. பொறுப்பில்லாதவள்னு அந்த வீட்டுல அவளுக்கு ஒரு பேர் வந்துட்டா, அது என்னால வந்தது. திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. அவளை ஒண்ணும் சொல்லிடாதீங்க.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் இருவருக்கும் எங்கள் ஆசி என்றென்றும் உண்டு.

இப்படிக்கு,
இனி எந்தக் கணக்கும் போடாத
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும்போது பொண்ணு போன் பண்ணினா. இதைப் படிச்சுக் காட்டினேன், சிரிக்கிறா. கால்தான் மிச்சம்னு அன்னிக்கே வீட்டுல எல்லாருக்கும் தெரியுமாம். சம்பந்தியான நான் வாயால சொல்லிட்டேன், மறுத்தா மரியாதையா இருக்காதுன்னு பேசாம இருந்தீங்களாம். ஒருத்தர் குளிக்கக் கால் தொட்டி தாராளம்னு நம்பித்தான் உள்ளே போனீங்களாம், நான் காரைக் கழுவினது மட்டும்தான் தெரியாதாம். லாரியை அனுப்பினது யாருன்னு சம்பந்தியம்மா ஜன்னல்லயே பார்த்துட்டாங்களாம். "என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லலைப்பா. நீங்க எப்ப சொல்வீங்கன்னுதான் எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்காங்க"ங்கிறா. ஆக, இந்தக் கடிதத்துல உங்களுக்குப் புதுசா ஒரு சேதியும் இல்லை. இருந்தாலும் அனுப்பறேன். எங்கப்பா சொல்லிட்டார்னு அவ உங்க முன்னாடி தலை நிமிர்ந்து சொல்லணுமில்ல.