டுவேனின் ஓய்வூதியமும் டியூபா நிதியும்

ஹடர்ஸ்ஃபீல்ட், இங்கிலாந்து,
ஞாயிற்றுக்கிழமை, மழை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய லோயிஸ் அக்காவுக்கு உன் தம்பி டுவேன் எழுதுவது. இங்கே நானும் டோரீனும் நலம், அதாவது உடம்பைப் பொறுத்தவரை. அயோவாவில் நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள், பனியும் உருகத் தொடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய பிறந்தநாள் அட்டை கிடைத்தது. அதில் வாழ்த்துக்குக் கீழே, "வெளிநாட்டில் பணம் பதுக்குகிறவர்களைச் செய்தியில் காட்டினார்கள், உன்னை நினைத்துக்கொண்டேன்" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

அக்கா, நான் எதையும் பதுக்கவில்லை. டோரீனைக் கல்யாணம் செய்த கையோடு இங்கே வந்தவன், அன்றிலிருந்து இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். வலப்பக்கம் ஓட்டிப் பழகியவன் இடப்பக்கம் ஓட்டச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்ததைப் பற்றி நீங்கள் எல்லோரும் போதுமான அளவு சிரித்தாயிற்று. சொந்தத் தொழில் என்பதால் எனக்கு ஓய்வூதியம் தர முதலாளி இல்லை. நானே மாதாமாதம் ஒரு கம்பெனியில் கட்டி வந்தேன். இந்த நாட்டுச் சட்டப்படி அதில் கால் பங்கை வரியில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததும் பின்னறைக் கூரையை மாற்றித் தருவதாக டோரீனிடம் சொல்லியிருந்தேன். அந்தப் பணத்தைப் போட ஒரு கணக்குத் திறக்கலாம் என்று வங்கிக்குப் போனேன். அங்கே இருந்த பெண், "நீங்க அமெரிக்காவுல பிறந்தவரா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். யாரோ ஊர் விசாரிக்கிறார்கள் என்று பூரித்துப்போய், நம் ஊர்ப் பேர், நம் அப்பா வைத்திருந்த தீவனக் கடை எல்லாவற்றையும் சொன்னேன். அத்தனையையும் தட்டச்சு செய்துகொண்டாள்.

வங்கியிலிருந்து ஒரு படிவம் வந்த பிறகுதான் தெரிந்தது, அமெரிக்கக் குடிமகன் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் அங்கே வருஷா வருஷம் கணக்குச் சொல்ல வேண்டுமாம். இங்கே ஒழுங்காக வரி கட்டினால் போதும் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பதறிப்போய், அமெரிக்க வரி தெரிந்தவர் என்று லீட்ஸில் லம்லி என்கிற கணக்காளரைப் பார்த்தேன். அவர் என் காகிதங்களைப் புரட்டிவிட்டு, யாரோ இறந்துவிட்ட மாதிரிக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அமெரிக்கா கண்ணுக்கு உங்க ஓய்வூதியம் ஒரு வெளிநாட்டு டிரஸ்ட் சார்."

"எங்க வீட்டுலேர்ந்து நடந்தே போயிடலாம் சார் அந்த கம்பெனிக்கு. அதுவா வெளிநாடு?"

"அவங்களுக்கு வெளிநாடுதான். ஆரம்பிச்சது யாரு?"

"நான்."

"பலன் யாருக்கு?"

"எனக்குத்தான்."

"அப்ப உங்களுக்கு நீங்களே டிரஸ்ட் வச்சு நடத்திக்கிட்டிருக்கீங்க. சொல்லாம விட்டா அபராதம் தாளிச்சிடுவாங்க."

எனக்குத் தெரியாமல் நான் டிரஸ்ட் நடத்தினேனாம்! மனசு ஆறாமல் மான்செஸ்டரில் இன்னொருவரிடம், ஹிஞ்ச்லிஃப் என்கிற அம்மாளிடம் போனேன். அவர், "டிரஸ்ட்டுன்னு எவன் சொன்னது? ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு. நீங்க அதைச் சொல்லவே வேண்டாம், போய் நிம்மதியா தூங்குங்க" என்றார். நான் நேராக லம்லியிடம் வந்து இதைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. "அவங்க சொல்றதும் சரிதான் சார். ஆனா சொல்ல வேண்டியதில்லைங்கிறதை நீங்க சொல்லணும். அதுக்குத் தனி படிவம் இருக்கு" என்றார். சரி, கால் பங்குக்காவது அமெரிக்கா வரி கேட்காதல்லவா என்றால், ஒருவர் கேட்காது என்கிறார், ஒருவர் கேட்டாலும் கேட்கும் என்கிறார். இருவருக்கும் ஆலோசனைக் கட்டணத்தில் மட்டும் ஒரே கருத்து. கூரை அப்படியே இருக்கிறது.

இதற்குள் எங்கள் கூட்டு வங்கிக் கணக்கையும் தெரிவிக்க வேண்டும் என்றார் லம்லி. அதை டோரீனிடம் சொன்ன என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அதுல எங்கம்மா விட்டுட்டுப் போன காசு இருக்கு. அதை எதுக்கு வாஷிங்டன்ல உக்காந்திருக்கிறவன் பாக்கணும்? நான் உன்னைத்தான் கட்டிக்கிட்டேன் டுவேன், உங்க அரசாங்கத்தை இல்ல!"

அன்றிலிருந்து அவள் தேநீர் போட்டால் ஒரு கோப்பைதான்.

இதுவாவது வீட்டுக்குள் நடந்தது. எங்கள் ஊர் பித்தளை வாத்தியக் குழுவில் நான் பாரிடோன் வாசிக்கிறேன், பல வருஷமாகப் பொருளாளரும் நான்தான் என்று உனக்குத் தெரியும். காசோலையில் கையெழுத்துப் போடுகிறவன் நான் என்பதால் குழுவின் கணக்கையும் தெரிவிக்க வேண்டுமாம்! கமுக்கமாக இருந்திருக்கலாம். நேர்மை பிடித்து ஆட்ட, கமிட்டியில் சொல்லிவிட்டேன். மதுக்கடை மாடியில் அவசரக் கூட்டம் போட்டார்கள். டியூபா வாசிக்கும் க்ளிஃப் ஆர்மிடேஜ்தான் தலைவர்.

"யோவ் டுவேன், புது டியூபா வாங்க நாம சேத்த நிதியை அமெரிக்காக்காரன் எடுத்துக்குவானா?"

"எடுக்க மாட்டாங்க க்ளிஃப். இருக்குன்னு தெரிவிக்கணும், அவ்வளவுதான்."

"இருக்குன்னு தெரிஞ்சப்புறம் சும்மா விடுவானா?"

கார்னெட் வாசிக்கும் மியூரியல் எழுந்து, "குளிர்ல நின்னு நின்னு கேக் வித்துச் சேத்த காசுய்யா அது! ஏன், அவங்க நாட்டுல டியூபாவே கிடைக்கலையா?" என்று கத்தினாள். என்னைப் பொறுப்பிலிருந்து நீக்க ஓட்டெடுத்தார்கள். கைகளை எண்ணுவது பொருளாளர் வேலை என்பதால் எனக்கு எதிராகத் தூக்கிய கைகளை நானே எண்ணி அறிவித்தேன். வழக்கமாக க்ளிஃப்பும் நானும் சேர்ந்துதான் வீட்டுக்கு நடப்போம். அன்று அவன் ஷூ கயிறு கட்டுவது போல் பின்தங்கிவிட்டான். வாத்தியப் பெட்டி என்றுமில்லாத கனம் கனத்தது, அக்கா.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். அமெரிக்கக் குடியுரிமையை விட்டுவிடப் போகிறேன். லண்டன் தூதரகத்துக்கு எழுதிக் கேட்கப் போகிறேன். தேசிய கீதத்துக்குச் சமையலறையில்கூட எழுந்து நிற்பவள் நீ. உனக்கு அழுகை வரும் என்று தெரியும். என் மேல் கோபப்படு, ஆனால் மனதை மாற்ற முயற்சி செய்யாதே. இனி அந்த மண்ணில் கால் வைப்பதாக இல்லை. உங்கள் ஊர் சர்ச்சில் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், அவன் ஆங்கிலேயன் ஆகிவிட்டான் என்று சொல்லிவிடு.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத வாழ்வு வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் தம்பி,
டுவேன்

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள் திங்கட்கிழமை ஆகிவிட்டது, லம்லியும் கூப்பிட்டுவிட்டார். குடியுரிமையை விடுவதென்றால் கடந்த ஐந்து வருஷக் கணக்கையும் ஒழுங்காகச் சொல்லியிருக்க வேண்டுமாம்; ஓய்வூதியம், டோரீனுடைய அம்மாவின் காசு, டியூபா எல்லாம். அதற்குப் பிறகு, போய்விட்டேன் என்று தெரிவிக்க இன்னொரு படிவம். பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த டோரீன் சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போனாலும் எழுதணும், இருந்தாலும் எழுதணும்னா இருந்தே தொலையேன். அந்தப் பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டு ஒரு தடவை ஊருக்காவது போயிட்டு வருவோம். உங்க அக்காவை நான் கல்யாணத்துல பாத்ததோட சரி" என்றாள். பிறகு இரண்டு கோப்பைத் தேநீர் போட்டாள்.

ஆகையால் மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாதே, அத்தானுக்குப் படித்தும் காட்டாதே. மறுபடி முதலிலிருந்து எழுத எனக்குத் தெம்பில்லை. கோடையில் எப்போது வந்தால் உனக்குச் சௌகரியம் என்று உடனே எழுது. அங்கே காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று டோரீன் கேட்கிறாள். நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன், அக்கா, எனக்கு மறந்தே போய்விட்டது.