முகத்துக்கு மூன்று கோட்டு

எட்டே நாளில் பத்து வயதைக் குறைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சிரிக்காதீர்கள். இருபத்தேழு வருஷமாகப் பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுப்பவன் நான். பாசி பிடித்து, வெடித்து, பார்க்கவே பாவமாக நின்ற எத்தனையோ கட்டடங்களைப் புது மாப்பிள்ளையாக்கி நிறுத்தியிருக்கிறேன். என் மூஞ்சி என்ன, நாலு மாடியா?

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கேள்விதான். பேத்தி பிறந்ததிலிருந்து, மூன்று மாதமாக, என் மனைவி மகள் வீட்டில் இருக்கிறாள். போன வாரம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் குழந்தை அழுதது. போனை மல்லாக்க வைத்துவிட்டு எழுந்து போனாள். திரையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. அப்போது ஒரு பெண் குரல், மூக்கடைத்த குரல், கேட்டது:

"யாருங்க அது, உங்க அப்பாவா?"

என் மனைவி மறுத்திருக்க வேண்டாமா? சிரித்தாள்!

"யாரு அது?" என்றேன், அவள் முகம் திரைக்கு வந்ததும்.

"கீழ் வீட்டம்மா. விடுங்க, அவங்களுக்குக் கண்ணு சரியில்ல."

"கண்ணு சரியில்லாதப்பவே அப்பான்னா, நல்லா தெரிஞ்சா?"

"தாத்தான்னிருப்பாங்க. அதான் நேர்ல வாங்க வாங்கன்னு அடிச்சுக்கறேன்."

"எனக்கு வேலை தலைக்கு மேல இருக்கு."

"இருக்கும், இருக்கும். அடுத்த வாரம் நானே வர்றேன். ரெண்டே நாள். திரும்பப் போகணும்."

ரெண்டே நாள்!

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவள் இல்லாமல் எனக்கு வீடு வீடாகவே இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் என் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்புவாள். காதில், புருவத்தில் தெறித்த பெயிண்டை எண்ணெய் தொட்டு நகத்தால் சுரண்டுவாள். "சுவத்துக்கு அடிச்சீங்களா, உங்களுக்கே அடிச்சுக்கிட்டீங்களா?" என்று திட்டுவாள். மூன்று மாதமாகத் திட்டும் இல்லை, தாடையைப் பிடிக்க ஆளும் இல்லை. காதோரம் ஒரு பச்சைப் பொட்டு வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்ட எனக்கு மனசே வரவில்லை.

ஆகவே திட்டம். கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து அவள் வாயடைத்து நிற்க வேண்டும். கீழே வைத்த பெட்டியை மறுபடி தூக்கவே கூடாது.

அவள் அலமாரியில் மூன்று சரக்கு இருந்தது. ஒன்று மணல் மணலாக, தேய்ப்பதற்கு. அதாவது உப்புத்தாள். இன்னொன்று மாவு, குழைத்துப் பூசுவதற்கு. அதாவது பட்டி. மூன்றாவது ஒரு குட்டி பாட்டில். பழைய தோலை உரித்துப் புதுத் தோல் வரவழைக்குமாம். அட, நம்ம தொழில்தானே!

மூன்றிலும் 'வாரம் ஒருமுறை' என்று போட்டிருந்தது. டப்பாவில் போட்டதை நான் என்றைக்குக் கேட்டேன்? நாளைக்கு மூன்று வேளை அடித்தால் எட்டு நாளில் இருபத்து நாலு வாரத்து அழகு. முகத்தில் கோடு அதிகமா? கோட்டு மேல் கோட்டு போட்டால் போச்சு.

முதல் நாள் பளபளப்பு. இரண்டாம் நாள் சிவப்பு. அடிப்பூச்சு, அதாவது பிரைமர், நன்றாகப் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாள் எரிச்சல். சரக்கு வேலை செய்கிறது என்று கூடுதலாக ஒரு கோட்டு. ஐந்தாம் நாள் கண் இரண்டும் வீங்கி, கன்னம் செதில் செதிலாக உரிந்து, ஓதம் ஏறிய குளியலறைச் சுவராக நின்றேன். கோடு போகக் கோட்டு அடித்துக் கோட்டை விட்டேன்.

அதோடு நின்றதா? என் போன் மூஞ்சியைக் காட்டினால் திறக்கும். காட்டினேன். 'நீ யார்?' என்பது போல் கிடந்தது. இல்லாவிட்டால் ஒரு நம்பர் போட வேண்டும். அது மனைவிக்குத்தான் தெரியும். துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு தெருமுனை மருந்துக் கடைக்குப் போனேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே போன் நம்பர் அவளுடையது. கடைக்காரர் போனில் கூப்பிட்டேன்.

"போனைத் திறக்கிற நம்பர் என்ன?"

"மூஞ்சியக் காட்டினா திறக்குமே?"

"வெளிச்சம் பத்தல."

"பகல் பன்னெண்டு மணிக்கா?"

"ஒரே மேகமூட்டம்."

"மூஞ்சிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லையே!"

"கடைக்காரர்கிட்ட குடுங்க."

கொடுத்தேன். அந்த மனுஷர் என் துண்டை விலக்கிப் பார்த்து, கன்னம் கன்னமாக விவரித்து, அப்படியே போட்டுக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை வாசலில் நின்றாள். வாயடைத்துத்தான் நின்றாள். அதுவரை திட்டம் வெற்றி. பிறகு வாய் திறந்தது. டாக்டரிடம் போய்ச் சேரும்வரை மூடவில்லை.

"ஒரு மாசத்துக்குப் பெயிண்ட், தூசி, வெயில் எதுவும் ஆகாது" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். களிம்பைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். "இருந்த மூஞ்சிக்கு என்ன குறைச்சல்?" என்றாள். காதோரப் பச்சையையும் நகத்தால் சுரண்டி எடுத்தாள். முகம் தீயாக எரிந்தது. ஆனாலும் எனக்கு இன்னும் நாலு கன்னம் இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

"போகாத" என்றேன். "நீ இல்லாம முடியல."

"போகத்தான் போறேன். நாளைக்கே. உங்களையும் கூட்டிக்கிட்டு. வேலைக்குப் போகக் கூடாதுன்னு டாக்டரே சொல்லியாச்சு. இனிமே என்ன சாக்கு சொல்வீங்க?"

மகள் வீட்டு வாசலில் இறங்கினோம். கீழ் வீட்டுக் கதவில் பெரிய பூட்டு தொங்கியது. வாசலுக்கு வந்த மகளிடம், "அந்தக் கீழ் வீட்டம்மா எங்கம்மா? கண்ணு சரியில்லாதவங்க?" என்று கேட்டேன்.

"கீழ் வீடா? அது ஆறு மாசமா காலிப்பா."

திரும்பி மனைவியைப் பார்த்தேன்.

"ரோஷம் வந்து மறுநாளே கிளம்பி வருவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். "நீங்க மூஞ்சிக்குப் பட்டி பாக்க உக்காந்துட்டீங்க."

பேத்தியை வாங்கி என் கையில் கொடுத்தாள். பிறகு இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"யாருங்க அது, உங்க அப்பாவா?"