மிஸஸ் வர்ஜினியா கோவாச்

"உங்க மனைவி பேரு என்ன, மிஸ்டர் கோவாச்?"

தொலைபேசியில் கேட்டவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ட்வெய்ன் பெட்ரிக். நார்பர்ட் கோவாச்சுக்கு வியர்த்தது. வெளியே மார்ச் மாதப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவன் வயர்லெஸ்ஸில் பேருந்துகளை அனுப்பிவைக்கும் பார்மா நகரப் பள்ளிப் பேருந்து டெப்போவில் ஹீட்டர் படுத்து மூன்று நாளாகியிருந்தது. அப்படியும் வியர்த்தது. கேள்வி ஒன்றும் கஷ்டமானதில்லை. நாற்பத்தெட்டு வயதாகியும் நார்பர்ட்டுக்கு மனைவி என்று ஒருத்தி இல்லை, அவ்வளவுதான்.

நடந்தது இது. பழைய கம்பெனி கார் இன்சூரன்ஸ் ரேட்டை ஏற்றிவிட்டதால், போன வாரம் அவன் ஒரு புதிய கம்பெனியின் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். 'திருமணமாகாதவர்' என்று குறித்ததும் ஒரு தொகை வந்தது. சும்மா பார்ப்போமே என்று 'திருமணமானவர்' என்று மாற்றினான். தொகை மளமளவென்று இறங்கியது.

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபத்தாறு வருஷமாக ஒரு கீறல் விழாமல் கார் ஓட்டுகிறவன் அவன். அவன் தம்பி ரோமன் மூன்று கல்யாணம் செய்தவன், ஒரு டோனட் கடையின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு காரோடு உள்ளே போனவன். அந்த ரோமன் பொறுப்பான குடும்பஸ்தன், நார்பர்ட் நம்பத்தகாத கட்டைப் பிரம்மச்சாரியாம்!

திருப்பி மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தான். அதற்குள் ஒன்பதாம் நம்பர் பேருந்து பனியில் சிக்கிக்கொண்டதாக வயர்லெஸ்ஸில் அழைப்பு வந்தது. அவசரத்தில் விரல் தவறி 'சமர்ப்பி' பொத்தானில் பட்டுவிட்டது. ஊருக்கு அப்படித்தான் சொல்லவேண்டும். விரலுக்கு என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்திருந்தது என்பது நார்பர்ட்டுக்கு மட்டும் தெரியும்.

"மிஸ்டர் கோவாச்? லைன்ல இருக்கீங்களா?"

எதிர்ச்சுவரில் அமெரிக்க வரைபடம் தொங்கியது.

"வர்ஜினியா," என்றான் நார்பர்ட்.

"அழகான பேரு. நடுப்பேரு?"

கண் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. "கரோலினா."

"பிறந்த வீட்டுப் பேரு?"

கண் பதறி மேற்கே ஓடியது. "மொண்டானா."

"அட, இத்தாலிக்காரங்களா! சமையல் பிரமாதமா இருக்குமே!"

"இருக்கும்... ஏதோ பண்ணுவா."

"கார் ஓட்டுவாங்களா?"

ஓட்டுவாள் என்றால் லைசென்ஸ் நம்பர் கேட்பார்கள். "இல்ல சார். கண்ணு சரியில்ல."

"அடப்பாவமே. அப்ப உங்க காரைத் தொடமாட்டேன்னு அவங்க ஒரு கையெழுத்துப் போடணும். நாளைக்குக் கூட்டிட்டு வாங்களேன்."

"ஊர்ல இல்ல. அம்மா வீட்டுக்குப் போயிருக்கா."

"எப்ப வருவாங்க?"

"சொல்லல."

மறுமுனையில் ட்வெய்ன் குரலைத் தாழ்த்தினார். "மிஸ்டர் கோவாச், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல ஏதாவது மனஸ்தாபமா? எங்கிட்ட மறைக்காதீங்க. நானும் ஒருதடவை விவாகரத்தாகி நடுத்தெருவுல நின்னவன்தான்."

"சேச்சே! நாங்க ரொம்ப சந்தோஷமா இருக்கோம்."

"நானும் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்," என்றார் ட்வெய்ன் சோகமாக.

இரண்டு நாளில் தபாலில் ஒரு சிறு புத்தகம் வந்தது. 'கல்யாணத்தைக் காப்பாற்றப் பத்து வழிகள்'. முதல் பக்கத்தில் ட்வெய்ன் தன் கைப்பட எழுதியிருந்தார்: 'தைரியமாக இருங்கள் நண்பரே.' நார்பர்ட் அடுப்பில் சூப்பை வைத்துவிட்டு நான்காம் வழி வரை படித்தான். 'மனைவி பேசும்போது குறுக்கிடாதீர்கள்' என்று இருந்தது. அந்த விஷயத்தில் மட்டும் தன்மேல் யாரும் குறை சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாளே ஏஜென்ட்டைக் கூப்பிட்டான். "சார், வர்ஜினியா திரும்பி வந்துட்டா. எல்லாம் சரியாயிடுச்சு. இனிமே எங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க."

அத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தான். ட்வெய்ன் சந்தோஷத்தில் குதித்தார்.

"கேக்கவே நல்லா இருக்கு! வெள்ளிக்கிழமை எங்க சர்ச்சுல மீன் விருந்து. ரெண்டு பேரும் கட்டாயம் வரணும். ஆளுக்கொரு பண்டம் கொண்டு வரணும், உங்க வீட்டம்மா பேருல அவங்க ஊர் லஸான்யா ஒண்ணு எழுதிட்டேன். நோன்புக் காலம், கறி போடாம சீஸ் மட்டும் போட்டுப் பண்ணச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நார்பர்ட் கடையில் உறையவைத்த லஸான்யா ஒன்று வாங்கி, அட்டைப்பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டு, தன் வீட்டுக் கண்ணாடித் தட்டில் வைத்துச் சுட்டு, ஓரத்தை வேண்டுமென்றே கொஞ்சம் கருக்கி எடுத்துக்கொண்டு போனான்.

"எங்க அவங்க?" என்று ஓடி வந்தார் ட்வெய்ன்.

"ஜுரம்."

"ஜுரத்தோடவா இதைப் பண்ணாங்க!" என்று அவர் கண்கலங்கினார்.

விருந்தில் மீனைச் சீந்துவாரில்லை. வர்ஜினியாவின் லஸான்யா பத்து நிமிஷத்தில் காலி. 'இப்படி ஒருத்தி கிடைக்க நீங்க கொடுத்து வெச்சிருக்கணும்' என்று ஒரு பெரியம்மா நார்பர்ட்டின் முதுகில் தட்டினாள். செய்முறை வேண்டும் என்று நான்கு பேர் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்கள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டு வரும்போது, இல்லாத பெண்டாட்டியை நினைத்துக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அப்போதுதான் தன் நிலைமை முற்றிவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

'தங்கள் மனைவி குறித்து எங்கள் பதிவுகளில் முரண்பாடு காணப்படுகிறது. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத் தம்பதியராக, அடையாள அட்டைகளுடன் தங்கள் ஏஜென்ட் அலுவலகத்துக்கு நேரில் வரவும்.'

நார்பர்ட் டெப்போ ஓய்வறையில் உட்கார்ந்து அதை மூன்று முறை படித்தான். மாட்டிக்கொண்டாயிற்று. பாலிசியை ரத்து செய்வார்கள். பொய் சொன்னவன் என்று எங்கேயோ ஒரு பட்டியலில் பேர் ஏறும். ஐம்பத்திரண்டு பேருந்தும் அவற்றிலிருக்கும் பிள்ளைகளோடு அவன் வார்த்தையை நம்பித்தான் தினமும் காலையில் கிளம்புகின்றன. அந்த நாற்காலியில் ஒரு பொய்யனை உட்காரவிடுவார்களா?

"என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

காலை டிரிப்பை முடித்து, கம்பளிக் குல்லாயிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டே ஓய்வறைக்குள் வந்தாள் வெர்னா பாஸெக். பதினேழாம் நம்பர் பேருந்தை ஓட்டுகிறவள். ஐந்தடி உயரம்தான். திரும்பிப் பார்க்காமலே ஐம்பது பிள்ளைகளை வாயடைக்க வைக்கும் குரல். பதினோரு வருஷமாக நார்பர்ட் தினம் காலையில் வயர்லெஸ்ஸில் அவளிடம் 'பதினேழு, கிளம்பலாம்' என்று சொல்லிவருகிறான். அதைத் தாண்டி வேறொன்றும் சொல்லவேண்டும் என்று ஏழெட்டு வருஷமாக ஆசை. சொன்னதில்லை. நேரில் பார்த்தாலும் வாய் 'பதினேழு' என்றுதான் ஆரம்பிக்கும்.

"ஒண்ணுமில்ல, பதினேழு."

"கையில என்ன கடுதாசி? குடு இங்க."

பிடுங்கிப் படித்தாள். நார்பர்ட் வேறு வழியில்லாமல் வரைபடத்திலிருந்து லஸான்யா வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மொண்டானாவா! நல்லவேளை, கண்ணு அலாஸ்கா பக்கம் போகல!"

"சிரிக்காதீங்க. போய் உண்மையச் சொல்லிடலாம்னு இருக்கேன். எனக்குப் பொண்டாட்டியே கிடையாது, நான் ஒரு முட்டாள்னு சொல்லிக் கால்ல விழுந்துடறேன்."

"எந்தக் கம்பெனி இது?" என்று கடிதத்தின் தலைப்பைப் பார்த்தவள் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "சொல்லிடாத."

"என்ன?"

"கல்யாணம் ஆகலேன்னு மட்டும் சொல்லிடாதய்யா. உனக்குக் கோடி புண்ணியம்."

நார்பர்ட்டுக்கு நெஞ்சு இளகியது. தனக்காக இப்படிப் பதற இந்த உலகத்தில் ஒரு ஜீவன் இருக்கிறதே!

"வேற என்ன பண்றது? அவ செத்துட்டான்னு சொல்லிடவா?"

"சாவுச் சான்றிதழ் கேப்பான். அப்புறம் அந்த சர்ச்சு ஆளுங்க பூங்கொத்தோட உன் வீட்டு வாசல்ல நிப்பாங்க. பொண்டாட்டி செத்தவனுக்கும் பெரும்பாலும் கல்யாணமானவன் ரேட்டுதான். ஆனா அதுக்கு நிஜமாவே ஒருத்தி செத்திருக்கணுமே!"

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது கெடக்கட்டும்," என்ற வெர்னா குல்லாயை மறுபடி மாட்டிக்கொண்டாள். "நான் வர்றேன்."

"எங்க?"

"நாளைக்கு. உன் பொண்டாட்டியா. நீ ஏஜென்ட்கிட்ட, வர்ஜினியான்னு நான் சொல்லவே இல்ல, வெர்னான்னுதான் சொன்னேன், உங்க காதுல தப்பா விழுந்திருக்குன்னு சொல்லு. கிட்டத்தட்ட ஒரே மாதிரிதானே இருக்கு."

"அப்ப உங்க நிஜப்பேரே எனக்குப் பொண்டாட்டின்னு பதிவாயிடுமே!"

"ஆனா ஆயிட்டுப் போகுது," என்றாள் வெர்னா, ஜன்னல் வழியே பேருந்துகளைப் பார்த்துக்கொண்டு.

அன்று பகல் முழுவதும் நார்பர்ட் வயர்லெஸ்ஸில் பேருந்து நம்பர்களை மாற்றி மாற்றிக் கூப்பிட்டான்.

செவ்வாய்க்கிழமை வெர்னாவின் காரிலேயே போனார்கள். அவன் தன்னிடமிருந்த ஒரே கழுத்துப்பட்டையைக் கட்டியிருந்தான். கடைசியாக அதைக் கட்டியது ரோமனின் மூன்றாவது கல்யாணத்துக்கு.

"எனக்கு விவாகரத்து ஆச்சில்ல, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி?" என்றாள் வெர்னா, கார் சிக்னலில் நின்றபோது. "மறு மாசமே ரேட்டை ஏத்திட்டானுங்க. அதே காரு, அதே ரோடு, அதே கை. பக்கத்து சீட்டுல குறட்டை விட்டவன் போனதால நான் மோசமா ஓட்ட ஆரம்பிச்சிட்டேனாம்!"

"அநியாயம். அப்புறம் என்ன பண்ணீங்க?"

"ஏதோ பண்ணேன்," என்று அவள் ஹீட்டரைக் கூட்டினாள்.

ஏஜென்ட் அலுவலகத்தில் ட்வெய்ன் வாசலுக்கே வந்து வெர்னாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஜுரம் போயிடுச்சா? அந்த லஸான்யாவை எங்களால மறக்கவே முடியல!"

"ரகசியமெல்லாம் அடுப்புலதான் இருக்கு," என்றாள் வெர்னா கூசாமல்.

மூலை மேசையில் இர்மா என்ற வயதான அம்மாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ட்வெய்ன் போன வருஷம்தான் இந்த அலுவலகத்தை வாங்கியிருந்தார். இர்மா அதற்கும் இருபது வருஷத்துக்கு முன்பிருந்தே அங்கே இருந்தவள். சங்கிலி போட்ட மூக்குக்கண்ணாடி வழியாக அவள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"சார், பேருல ஒரு சின்னக் குழப்பம்," என்று நார்பர்ட் ஒப்பித்தான். "இவ பேரு வர்ஜினியா இல்ல. நீங்கதான் போன்ல..."

"நானா?" ட்வெய்ன் திகைத்தார்.

"உங்களைச் சொல்லி என்ன சார் பண்றது," என்று வெர்னா குறுக்கே பாய்ந்தாள். "இந்த மனுஷன் வாய்க்குள்ளேயே பேசுவாரு. வீட்டுலயும் அப்படித்தான். உப்பு கேட்டா எனக்குச் சூப்புன்னு கேக்கும்."

"நான் எப்ப வாய்க்குள்ள பேசினேன், பதினேழு?"

இர்மா தலையைத் தூக்கினாள்.

"பதினேழா?" என்றார் ட்வெய்ன்.

நார்பர்ட்டின் கழுத்துப்பட்டை தானாக இறுகியது. வெர்னா அசரவில்லை. "செல்லப் பேரு. எங்க கல்யாணத் தேதி. அதையாவது மறக்காம இருக்கட்டும்னு அப்படியே கூப்பிடப் பழக்கிட்டேன்."

ட்வெய்ன் கைக்குட்டையை எடுத்தார். அந்தப் புத்தகத்திலிருக்கும் ஏழாவது வழியே இதுதானாம்.

"கண்ணு சரியில்லாதவங்கன்னு எழுதியிருக்கு," என்று இர்மா முதன்முறையாக வாயைத் திறந்தாள். "இப்பதானே இவங்க கார் ஓட்டிட்டு வந்தாங்க? ஜன்னல் வழியா பாத்தேன்."

"ஆபரேஷன் ஆயிடுச்சு!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நார்பர்ட்டுக்கு ஒரு விநாடி, தாங்கள் நிஜமாகவே இருபது வருஷம் சேர்ந்து வாழ்ந்துவிட்டது போல இருந்தது.

"சரி, தலைமை அலுவலகம் கேக்கச் சொன்னதை நான் கேட்டுத்தான் ஆகணும்," என்றாள் இர்மா, வெர்னாவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு. "அம்மா, உங்க கணவர் பொறந்த தேதி?"

வெர்னா யோசிக்காமல் சொன்னாள்.

"அவர் லைசென்ஸ் நம்பர்?"

இரண்டு எழுத்து, ஆறு இலக்கம். மூச்சு விடாமல் சொன்னாள். நார்பர்ட் அசந்துபோனான். அவனுக்கே அந்த நம்பர் பாதிதான் தெரியும். ஒரே நாளில் டெப்போக் கோப்பைத் தேடி எடுத்து, உட்கார்ந்து மனப்பாடம் செய்திருக்கிறாள், இவனுக்காக! இவ்வளவு அக்கறையுள்ள ஒருத்தியிடம் பதினோரு வருஷமாக வெறும் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்த தன் மடத்தனத்தை என்னவென்பது? வெளியே போனதும் முதல் வேலையாக அவளை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துவிடுவது என்று முடிவு செய்தான்.

"வெர்னா," என்றான் மெல்ல. அந்தப் பேரை நேரில் சொல்வது அதுதான் முதல் தடவை. "ரொம்ப நன்றி."

வெர்னா அவன் பக்கம் திரும்பவில்லை. காது மடல் மட்டும் சிவந்திருந்தது. இர்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை விசைப்பலகையில் நிதானமாக ஊர்ந்தன. ட்வெய்ன் நகத்தைக் கடித்தார்.

இர்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, திரையை ஒருதரம் மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு! நார்பர்ட் கோவாச் இந்த வெர்னாவோட புருஷன்னு நம்மகிட்ட இருக்கற அவங்க கார் பாலிசியில நாலு வருஷமா பதிஞ்சிருக்கு. போன வாரம் எங்கிருந்தோ வர்ஜினியான்னு ஒருத்தி நடுவுல வந்து நுழைஞ்சதாலதான் தலைமை அலுவலகம் பதறிடுச்சு!"