வடக்கு அறைக்கு நூற்றாறு டிகிரி

காட்டூர், ராசிபுரம் வழி
8-5-1986

அன்பு மகள் வசந்தாமணிக்கு அப்பா ராசப்பன் எழுதிக்கொண்டது. மாரியாத்தா புண்ணியத்தில் நானும் உன் அம்மா சௌந்திரமும் கறவைகளும் இங்கே சுகம். மெட்ராஸில் நீயும் உன் எம்.இ. படிப்பும் உன் புரொபசர் ஐயாவும் அதேபோல் இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்க வேண்டாம், எங்காவது உட்கார்ந்து படிக்கவும்.

விஷயம் என்னவென்றால், நான் அனுப்பிய டிகிரி எல்லாம் டிகிரி அல்ல.

பொங்கல் லீவில் வந்த நீ, கொத்தனார் காத்தானை வைத்து வடக்கு அறையின் கூரைமேல் மண்சட்டிகளைக் கவிழ்த்து அடுக்கிச் சுண்ணாம்பு பூசினாய், தெற்கு அறையைத் தொடவில்லை. கரண்ட் செலவில்லாமல் வீட்டைக் குளிர வைப்பதுதான் உன் ஆராய்ச்சி என்றாய். அறைக்கு ஒன்றாக இரண்டு தெர்மாமீட்டரை ஆணியில் மாட்டி, தினம் மூன்று வேளை பார்த்து வாராவாரம் கார்டில் எழுதச் சொன்னாய். பங்குனி பாதிவரை நான் ஒருநாளும் தவறவில்லை. தெற்கே முப்பத்தொன்பது என்றால் வடக்கே முப்பத்துமூன்று. கொத்துவேலை படிக்கவா பொம்பளைப் பிள்ளையை அனுப்பினாய் என்று கேட்ட பங்காளிகளிடமெல்லாம் அந்த இரண்டு எண்ணையும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதுதான் வினையாகப் போயிற்று. லாரி ஓட்டும் உன் தங்கமுத்து சித்தப்பா நிசமா என்று பார்க்க ஒரு மதியம் வந்தவர், பார்க்காமலே தூங்கிவிட்டார். மறுநாள் கட்டிலோடு வந்தார். அதற்கு மறுநாள் கிளீனரும் வந்தான், பிறகு பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்தார்கள், கடைசியில் பதினோரு பேர். பதினோரு பேர் மூச்சும் சேர்ந்து முப்பத்தாறு காட்டியது. தப்பு ஆட்களுடையது, அறை என்ன செய்யும், அதன் பேர் கெடக்கூடாது என்று முப்பத்துமூன்றே எழுதினேன். முதல் பொய் அது.

அடுத்த வாரம் சித்தப்பா தெர்மாமீட்டர் ஆணியிலேயே சட்டையை மாட்டினார். எடுக்கும்போது சட்டை வந்தது, தெர்மாமீட்டரும் வந்தது. உடைந்ததைக் கூட்டி மூடி வைத்துவிட்டு, ராசிபுரத்தில் கேட்டு, நாமக்கல்லில் கேட்டு, கடைசியில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் வாங்கினேன். அது உடம்புக்குக் காய்ச்சல் பார்ப்பது, ஏறினால் உதறினால்தான் இறங்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? வரும் வழியில் பஸ் வெயிலிலேயே நூற்றாறுக்கு ஏறிவிட்டது. வடக்கு அறையில் தொங்கவிட்டேன். ராத்திரியும் நூற்றாறு, விடியற்காலையும் நூற்றாறு. பயந்துபோய்க் கம்பவுண்டர் கண்ணுசாமியிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"காய்ச்ச யாருக்குங்க?" என்றார்.

"வடக்கு ரூமுக்குங்க" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு இன்னொரு கடை ஏற வெட்கமாக இருந்தது. மதியம் சட்டையைக் கழற்றிவிட்டு வடக்கு அறைத் தரையில் கால்மணி நேரம் படுப்பேன். முதுகு என்ன சொல்கிறதோ அதைக் கார்டில் எழுதுவேன். சித்திரை பிறந்ததிலிருந்து உனக்கு வந்ததெல்லாம் என் முதுகு சொன்னது அம்மிணி.

போன வாரம் உன் கார்டு வந்தது. அப்பா அனுப்பிய எண்கள் ஏறாமல் இறங்காமல் அச்சடித்தது போல் இருக்கின்றன, புரொபசர் அசந்துவிட்டார், ஆனியில் பெரிய சபையில் அதை நானே எழுந்து படிக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா என்னவென்று கேட்டாள், சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை.

"எழுதிப் போட்டுருங்க. நாலு பேரு முன்னால புள்ள நிக்கறப்ப, அது கையில பொய்யி இருக்கப்படாதுங்க" என்றாள். அவ்வளவுதான்.

ஆகையால் என் எண்களை அடித்துவிடு. புரொபசர் ஐயா கோபித்தால் என்னைச் சொல், அவரிடம் வந்து கும்பிட்டுச் சொல்லவும் நான் தயார். இந்த வருசம் போனால் போகட்டும், அடுத்த கோடைக்கும் நம் ஊரில் வெயில் இருக்கும். அறையைப் பூட்டிக்கொண்டு நானே காவல் உட்காருகிறேன். உன் படிப்பைக் கெடுத்தவன் என்று மட்டும் நினைத்துவிடாதே சாமி. பெருமையில் வந்த கோளாறு.

வேளைக்குச் சாப்பிடு. நீ கட்டும் வீட்டில் எல்லாம் குடியிருப்பவர்கள் நன்றாகத் தூங்கட்டும்.

அன்புள்ள அப்பா,
ராசப்பன்

பி.கு.: ஒட்டுவதற்கு முன்னால் இதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பழைய காலண்டர் தாள்களைக் கொண்டுவந்து போட்டாள். பின்பக்கம் முழுக்கப் பென்சில். நீ போன நாளிலிருந்து மூன்று வேளையும், இரண்டு அறையும், எத்தனை பேர் படுத்திருந்தார்கள் என்பது உட்பட எழுதி வைத்திருக்கிறாள். ஒன்றுதான் உடைந்துபோயிற்றே, எப்படி என்றேன். "தெக்கு ரூமுல இருக்கறதைக் கொஞ்ச நேரம் வடக்க கொண்டுபோயி வெச்சாப் போச்சுங்க" என்கிறாள். எனக்கு இது தோன்றவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்றால், நான் கேட்கவில்லையாம். ஆளில்லாத நாளில் அறை என் முதுகு சொன்னதைவிட இரண்டு டிகிரி குளிர்ச்சி. தாள்களைத் தனியே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறோம். அப்படியென்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாமே என்றேன். வேண்டாமாம், அப்பா ஒத்துக்கொண்டதை நீ பார்க்க வேண்டுமாம்.